சுத்து மாறுன பம்ப்

இக்கட்டத் தள்ளி உக்காரு கண்ணு. அந்த ஓரத்துல தகரம் பேந்துக்கிட்டு நிக்குது, துணியக் கிழிச்சுரும். நான் பெரியநாய்க்கன்பாளையத்துல எறங்கிருவேன், அப்பறம் நீ தாராளமாக் காலை நீட்டிக்கிட்டுப் போலாம்.

நான் பஸ் ஏறியே பல வருசமாச்சு. ஊட்டுல மூணு காரு நிக்குது. ரெண்டு ஓடற காரு, ஒண்ணு பாக்கற காரு. இருந்தும் பஸ்சுல வர்றேன்னா பாத்துக்க. டிரைவரைக் கூப்ட்டா எங்க போனோம், யாரைப் பாத்தோம்னு பொழுதோட எங்கூட்டுக்காரருகிட்ட அத்தனையும் ஒப்பிச்சுருவான். அதான் ரத்த டெஸ்ட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு ஆட்டோ புடிச்சு வந்து இதுல ஏறிட்டேன். இந்த வயசுல பொய் சொல்லிட்டு ஊட்டை உட்டுக் கெளம்ப வேண்டியிருக்குது. வெக்கக்கேடு.

பாக்கற காருன்னா என்னன்னு கேக்கறயா? செவப்புக் காரு. ரெண்டே கதவு. எனக்குக் கல்யாணமாகறதுக்கு முன்னாடியே வந்த வெளிநாட்டு மாடலு, ஒரு காலத்துல பந்தயத்துல ஓடுனதாம். அதுக்குள்ள உக்கார்றதா படுக்கறதான்னே தெரியாது. சீலை கட்டுன பொம்பளை மானமா அதுல ஏறி எறங்க முடியாது. எங்கூட்டுக்காரரு அதைத் தொடைக்கற நேரத்துல பாதி எம் மூஞ்சியப் பாத்திருந்தாருன்னா நான் இன்னும் நல்லா இருந்திருப்பேன். சரி, அது கெடக்குது.

ஆவாரம்பாளையத்துல எங்களுக்குப் பம்ப் கம்பெனி. சாந்தாமணி பம்ப்ஸ். சாந்தாமணிங்கறது நான்தான். கல்யாணமான புதுசுல கம்பெனி ஆரம்பிச்சாரு, எம் பேரையே வச்சாரு. எங்கம்மா ஒறம்பரை சனம் பூராவும் சொல்லிச் சொல்லி மாஞ்சு போனா. ஊட்டை ஒட்டுனாப்லயே ஆபீஸு, அங்க போன் எடுக்கறது இன்னைக்கும் நான்தான். எங்க பம்ப் வாங்குன தோட்டத்துக்காரங்க கம்ப்ளைண்டுன்னு கூப்ட்டா மொதல்ல எங்கிட்டத்தான் பேசணும். "ஓடுதுங்க, தண்ணி வருதுங்க, ஆனாப் பத்தலீங்க"ம்பாங்க. நான் மொதல்ல ஒண்ணுதான் கேப்பேன். "சுத்து சரியா இருக்குதுங்களா?"

உனக்கு வெளங்குதா? மோட்டாருக்கு வயரை மாத்திக் குடுத்துட்டா அது திருப்பிச் சுத்தும். பம்ப் ஓடும், சத்தம் வரும், கொஞ்சம் தண்ணியும் வரும். அந்தக் கொஞ்சம் வர்றதுதான் ஆளை ஏமாத்தறது. சுத்தமா வரலைன்னா ஒடனே பாப்பாங்க. கொஞ்சம் வந்தா, கெணத்துல தண்ணி இல்லைம்பாங்க, பைப்புல ஓட்டைம்பாங்க, பம்ப் மட்டம்னு நம்மளை ஏசுவாங்க. நான் ரெண்டு வயரை மாத்திக் கட்டச் சொல்லுவேன். கட்டுனதும் கொட்டும். திரும்பக் கூப்ட்டு "அம்மா, நீங்க என்ஜினியருங்களா"ன்னு கேப்பாங்க. பத்தாவது தாண்டாதவ நானு.

போன தையில அந்தச் செவப்புக் காருக்குத் தண்ணிப் பம்ப் போயிருச்சு. காருக்கும் பம்ப் இருக்குது கண்ணு, எனக்கே அப்பத்தான் தெரியும். எஞ்சின் சூடாகாம இருக்க அதைச் சுத்தித் தண்ணிய ஓட்டிக்கிட்டே இருக்கறது அது. செபஸ்டின் கழட்டிக் காட்டுனாப்ல. செபஸ்டின் மெக்கானிக்கு, சிங்காநல்லூர்ல ஒர்க்‌ஷாப்பு, பழைய காருன்னா ஊர்ல எல்லாரும் அவருகிட்டத்தான் உடுவாங்க. பம்ப்புக்குள்ள தண்ணியத் தள்ளற சக்கரம் துருப்புடிச்சு, எலை எலையா இருக்கற தகடு பூராக் கரைஞ்சு, மொட்டையா இருந்துச்சு. வெளிநாட்டுல இருந்து வரவழைக்கணும், மாசக்கணக்குல ஆகும்னாப்ல.

எங்கூட்டுக்காரரு சிரிச்சாரு. "நான் ஒரு பம்ப்புக்கு வெளிநாட்டுக்காரன்கிட்டக் கையேந்தணுமா"ன்னாரு. நாயந்தான? அவரே உக்காந்து அந்தச் சக்கரத்தை வரைஞ்சு, நம்ம பவுண்டரியிலயே வார்த்து, கடைஞ்சு எடுத்தாரு. அது மேல பொடி எழுத்துல "சாந்தாமணி"ன்னு எம் பேரும் இருந்துச்சு. மாட்டறதுக்கு முன்னாடி எங்கையில குடுத்து, "உன்னையும் வண்டிக்குள்ள உக்கார வச்சுட்டேன் பாரு"ன்னாரு. எனக்கு வெக்கமாப் போச்சு. அது வேற வெக்கம்.

மாட்டி ஓட்டுனா ஊருக்குள்ள ஒண்ணுமில்லை. அவினாசி ரோட்டுல கொஞ்சம் வெரசா உட்டாப் போதும், சூடு காட்டற முள்ளு ஏறி ஏறிச் செவப்புல போய் நின்னுக்கும். மெதுவாப் போனா எறங்கிரும். செபஸ்டின் மொதல்ல காத்தாடியப் பாத்தாப்ல. காத்தாடி கெட்டிருந்தா சிக்னல்ல நிக்கறப்பத்தான் சூடேறும், ஓடறப்ப எதுத்தாப்ல காத்து அடிக்கறதனால ஏறாது, இது தலைகீழா இருக்குதுங்க்கான்னாப்ல. அப்பறம் தெர்மோஸ்டாட்டுன்னு ஒண்ணு. தண்ணி சூடானா அது தானாத் தொறந்து வழி உடணுமாம். அதைக் கழட்டி எங்கடுப்புல, எஞ் சட்டியிலயே சுடுதண்ணி வச்சுப் போட்டுப் பாத்தாங்க. நல்லாத்தான் தொறந்துச்சு. அந்தச் சட்டிய அப்பறம் நான் பொழங்கலை. ரேடியேட்டரைக் கழுவுனாங்க, அடைப்பு இல்லை. மூடி புதுசு மாத்துனாங்க. ஹோஸ் பூரா மாத்துனாங்க. அப்பவும் சூடு.

கடைசியா செபஸ்டின், ஹெட் கேஸ்கெட்டுதான், சத்தியமா அதான்னு அடிச்சுச் சொன்னாப்ல. எஞ்சினோட தலையவே தூக்கி, மாத்தி, மூடுனாப்ல. முள்ளு மறுபடியும் செவப்புல. அதுல செபஸ்டின் மேலயும் தப்பு இருக்குது, இல்லைங்கலை. அவ்வளவு உறுதியாச் சொல்லியிருக்கக் கூடாது.

பம்ப்பை மட்டும் யாரும் கழட்டிப் பாக்கலை. பம்ப் கம்பெனிக்காரரு பண்ணுன பம்ப்பை எவன் சந்தேகப்படுவான்? செபஸ்டினே, "பம்ப் நம்ம அண்ணன் பண்ணுனது, அதை உடுங்க"ன்னுட்டாப்ல.

கவுண்டம்பாளையம் வந்துருச்சா? இன்னும் நேரமிருக்குது.

இந்தப் பழைய காருக்காரங்க எல்லாம் சேந்து ஒரு கிளப் வச்சிருக்கறாங்க. மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம வரிசையா எங்கியாவது போய் இட்லி தின்னுட்டு வர்றது. ஊட்ல இல்லாத இட்லி. அதுக்குத் தலைவரு வரதராஜுலுன்னு ஒரு பெரியவரு. பெரியநாய்க்கன்பாளையத்துல அவருக்கு மில்லும் பங்களாவும், ஒரு ஷெட்டு நெறையாப் பழைய காரும் இருக்குது. அத்தனையும் செபஸ்டின் கையிலதான். செபஸ்டின் ஒர்க்‌ஷாப் ஓடறதே அந்த வண்டிகளாலதான்னு வையி.

மாசியில பொள்ளாச்சிக்குப் போனோம். நம்ம வண்டி எங்கியாவது நின்னுருச்சுன்னா என்ன பண்றதுன்னு எங்கூட்டுக்காரரு செபஸ்டினையும் பின்னாடி வேன்ல வரச் சொல்லியிருந்தாரு. கிணத்துக்கடவு தாண்டுனதும் போனெட்டுல இருந்து குப்புன்னு பொகை. ஓரங்கட்டுனோம். அத்தனை வண்டியும் நின்னுருச்சு. அக்கட்டால நின்னு போன்ல படம் புடிக்கறாங்க. யாரோ ஒருத்தரு, "பம்ப்காரரு வண்டியிலயே தண்ணி கொதிக்குது பாரு"ன்னு சொல்லிச் சிரிச்சாரு. எங்கூட்டுக்காரரு மூஞ்சி செவந்து போச்சு. முப்பது வருசத்துல அவரை அப்படி நான் பாத்ததில்லை.

செபஸ்டின் ஓடி வந்து போனெட்டைத் தூக்குனாப்ல. இவரு ரேடியேட்டர் மூடியத் தொறக்கச் சொன்னாரு. "ஆறட்டுமுங்கண்ணா, இப்பத் தொறந்தா அடிக்கும்"னாப்ல. "எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கறாங்க செபஸ்டினு. தொறக்கறயா, இல்ல நாந் தொறக்கட்டுமா"ன்னாரு இவரு. மெதுவாத்தான் சொன்னாரு. எனக்கும் செபஸ்டினுக்கும் மட்டுந்தான் கேட்டுச்சு. நான் தண்ணி பாட்டலை வச்சுக்கிட்டுப் பக்கத்துலயே நின்னேன்.

துணியச் சுத்திக்கிட்டுத் தொறந்தாப்ல. கொதிச்ச தண்ணி பீச்சி அடிச்சுச்சு கண்ணு. சோத்துக்கை, வெரல்ல இருந்து முழங்கை வரைக்கும். அந்த மனுசன் கத்தலை. "அக்கா, தண்ணி ஊத்துங்க"ன்னு மட்டும் சொன்னாப்ல. ஊத்துனேன். பாட்டல் தீந்தும் புடிச்சுக்கிட்டே நின்னேன்.

அவரை வேன்ல ஏத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டு, நாங்க எல்லாரும் இட்லி திங்கப் போனோம். போனோம் பாரு, அதைச் சொல்லு. அங்க உக்காந்துக்கிட்டு எங்கூட்டுக்காரரு சொல்றாரு, "வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொல்லக் கேக்காமத் தொறந்துட்டான். வேலையும் சுத்தமில்லை, சொன்னாலும் கேக்கறதில்லை. ஹெட்டைத் தொறந்ததுல இருந்துதான் வண்டியே கெட்டுச்சு"ன்னு. பக்கத்துல இருந்த ஒரு அம்மா, "அப்படிங்களா"ன்னு எங்கிட்டக் கேட்டாங்க. நான் தலைய ஆட்டுனனா இல்லையான்னு எனக்கே நெனப்பில்லை. ஆட்டியிருக்க மாட்டேன்.

அதுக்கப்பறம் ஒரு நா ஆபீஸ்ல உக்காந்திருக்கறேன். காங்கேயத்துல இருந்து ஒரு தோட்டத்துக்காரரு போன் பண்றாரு. "வருதுங்க, ஆனாப் பத்தலீங்க"ன்னாரு. நானும் எப்பவும் போல, "சுத்து சரியா இருக்குதுங்களா"ன்னு கேட்டேன். கேட்டுக்கிட்டே ஜன்னல் வழியாப் பாக்கறேன், அந்தச் செவப்புக் காரு போர்ட்டிகோவுல நிக்குது. வருது, ஆனாப் பத்தலை. மெதுவாப் போனாப் பத்துது, வெரசாப் போனாப் பத்தலை. அந்தாளு அந்தப் பக்கம் "ஏனுங், ஏனுங்"னு கூப்ட்டுக்கிட்டே இருக்கறாரு.

மத்தியானம் சோறு போட்டுக்கிட்டே கேட்டேன், "ஏனுங்க, அந்தக் காரு பம்ப் எக்கட்டச் சுத்துதுங்க?"

கையில எடுத்த சோத்தை அப்படியே வச்சுட்டாரு. எந்திரிச்சுப் போய், வேட்டியோட அதுக்குள்ள குனிஞ்சு, அவரே கழட்டுனாரு. எலை வளைஞ்சிருந்த பக்கமே தப்பு. எங்க பம்ப் அத்தனையும் ஒரே பக்கந்தான் சுத்தும். வரைஞ்சு வரைஞ்சு பழகுன கை, பழக்கத்துல அப்படியே போட்டிருச்சு. அந்த எஞ்சினோ மறுபக்கம் சுத்தறது. கண்ணாடியில பாக்கற மாதிரித் திருப்பி வரைஞ்சிருக்கணும். அத்தனை நாளும் அந்தச் சக்கரம் தண்ணியத் தள்ளாம சும்மா கலக்கிக்கிட்டு இருந்திருக்குது, எம் பேரைத் தாங்கிக்கிட்டு.

அவரு எம் மூஞ்சியப் பாக்கலை. அன்னைக்கே அதை உலையில போட்டு உருக்கிட்டாரு. திருப்பி வரைஞ்சு வேற ஒண்ணு வார்த்தாரு. அதுல பேரு போடலை. அவரே மாட்டுனாரு. இப்ப அவினாசி ரோட்டுல எப்படி உட்டாலும் முள்ளு நடுவுல அசையாம நிக்குது. கிளப்புல கேட்டதுக்கு, "செபஸ்டின் கெடுத்து வச்சதை வேற ஆளு வந்து சரி பண்ணிட்டாப்ல"ன்னுட்டாரு.

நான் கேட்டேன். கேக்காம இல்லை. "இது அடுக்குமாங்க"ன்னேன். "சாந்தாமணி பம்ப்ஸ்காரனுக்கே சுத்து தெரியலைன்னு நாளைக்கு டீலர் ஒவ்வொருத்தனும் சிரிப்பான். சிரிக்கட்டுமா? உம் பேரு"ன்னாரு. உம் பேருன்னு சொன்னதும் நான் எந்திரிச்சு அடுப்படிக்குப் போய்ட்டேன். எனக்கும் ரோசம் இருக்காதா?

செபஸ்டினைப் போய்ப் பாத்தேன். ஆரஞ்சு வாங்கிட்டுப் போனேன். கட்டுப் பிரிச்சுட்டாங்க, ஆனாத் தோலு இழுத்துக்கிட்டு வெரலு முழுசா மடங்க மாட்டேங்குது. மடங்கிரும், நாளாகும்னு டாக்டர் சொல்லியிருக்கறாராம். ஒர்க்‌ஷாப்புல ஒரு வண்டி இல்லை. கூட்டிப் பெருக்கிச் சுத்தமா வச்சிருந்தாப்ல, அதைப் பாக்கத்தான் எனக்குத் தாங்கலை. எங்க மேல ஒரு வார்த்தை கொறை சொல்லலை. "அண்ணன் வண்டி இப்பச் சூடாகறதில்லைன்னாங்க. எதுனாலன்னு கண்டுபுடிச்சீங்களா அக்கா"ன்னு கேட்டாப்ல. "நான் எங்க உட்டேன்னே தெரியலீங்க்கா. படுத்தா அதே ரோசனையா இருக்குது"ன்னாப்ல.

நான் என்ன சொல்ல? "எனக்கென்ன தெரியும் செபஸ்டின், நான் போன் எடுக்கறவ"ன்னேன். ஆரஞ்சை அங்கிருந்த பெஞ்சு மேல வச்சுட்டு வந்துட்டேன். ஊட்டுக்கு வந்து சாமி ரூம்ல உக்காந்து அழுதேன் கண்ணு. நாக்கைப் புடுங்கிக்கிட்டுச் சாகலாமாட்ட இருந்துச்சு. இப்படி ஒரு மனுசனுக்கு வாக்கப்பட்டோமேன்னு.

முந்தாநேத்து வரதராஜுலு ஐயா போன் பண்ணுனாரு. "செபஸ்டின் பாக்கற என் வண்டியெல்லாம் வேற ஆளுக்கு மாத்தலாம்னு இருக்கறேம்மா. சனிக்கெழமை முடிவு சொல்லணும். இத்தனை வருசம் அவன் கையில இருந்தது, மனசு கேக்கலை. சூடா இருக்கறப்ப மூடியத் தொறக்கற ஆளில்லையே அவன். நீங்க பக்கத்துல நின்னீங்களாமா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, அவனாத் தொறந்தானா"ன்னு கேட்டாரு. எப்பேர்ப்பட்ட மனுசன் பாரு, எங்கிட்டக் கேக்கணும்னு தோணியிருக்குது. "நேர்ல வந்து சொல்றேனுங்கய்யா"ன்னேன். இன்னைக்குத்தான் சனிக்கெழமை.

அதான் போறேன். எல்லாத்தையும் சொல்லிருவேன். தொறக்கச் சொன்னது யாருன்னும் சொல்லுவேன், பம்ப்பையும் சொல்லுவேன். எம் பேரு நாறுனா நாறட்டும். அந்த வண்டிக போயிருச்சுன்னா செபஸ்டின் ஷட்டரைச் சாத்திட்டு எங்கியாவது வாட்ச்மேன் வேலைக்குத்தான் போகணும். அதைத் தெரிஞ்சுக்கிட்டு என்னால சும்மா இருக்க முடியாது. ஒரு வார்த்தை நெசத்தைச் சொல்றதுக்கு எங்கூட்டுக்காரருக்கு அத்தனை பயம் பாரேன். எத்தனை பேருக்குச் சோறு போடற மனுசன், ஒரு மெக்கானிக்குகிட்ட, "தப்பு எம்பேர்லதான்யா"ன்னு சொல்றதுக்கு வாய் வரலை. ஆம்பளைங்க சமாச்சாரமே இதுதான் கண்ணு. கெரகம்.

துடியலூர் தாண்டிருச்சா? இரு, போன் அடிக்குது. எங்க வச்சேன். அவருதான். ஐயாதான்.

வணக்கமுங்கய்யா. ஆமாங்க, வந்துக்கிட்டேதான்... யாருங்க? எங்கூட்டுக்காரருங்களா? அங்கயா இருக்கறாரு? சரிங்க. சரிங்க. காப்பி சாப்டட்டுமுங்க. இல்லீங்கய்யா, நான் ஊட்டுப் பக்கத்துலதான் இருக்கறேன், லேப்புல, ரத்தம் எடுக்க உக்காந்திருக்கறேனுங்க. பஸ் சத்தமுங்களா? ரோட்டோரம் லேப்புங்க. கேக்குதுங்க, சொல்லுங்க. ம். அன்னைக்குங்களா. ஆமாங்க, நான் பக்கத்துலதான் நின்னேன். ஆமாங்கய்யா. அவரு சொன்னது சரிதானுங்க. செபஸ்டினாத்தான் தொறந்தாப்ல. இவரு வேண்டாம்னுதான் சொன்னாரு. ஆமாங்க, எங்காதுலயே கேட்டுச்சுங்க. பரவால்லீங்க, அதுக்கென்னங்க. வச்சர்றேனுங்க.

என்ன கண்ணு அப்படிப் பாக்கறே? கட்டுன புருசன் எதுத்தாப்ல உக்காந்திருக்கறப்ப எப்படிச் சொல்றது? நாலு பேரு முன்னாடி அவரைத் தலைகுனிய வைக்கவா? இன்னொரு நாளைக்குத் தனியாப் பாத்துச் சொல்லிக்கலாம். சொல்லாம இருந்துருவேனா? செபஸ்டினும் ஒண்ணும் பட்டினி கெடக்க மாட்டாப்ல, கைவேலைக்காரரு. தம்பி, கண்டக்டர் தம்பி, காரமடைக்கு ஒண்ணு மாத்திக் குடுங்க. நான் பெரியநாய்க்கன்பாளையத்துல எறங்கலை, கோயிலுக்குப் போய்ட்டு வந்தர்றேன்.

ஏன் கண்ணு எந்திரிச்சுட்டே? உக்காரு. முன்னாடி ஒரு எடமும் காலி இல்லையே, நின்னுக்கிட்டா வரப் போறே?